வெள்ளைச் சோறு

3 ஜூன் 1934, ஞாயிறு
பினாங்கிலிருந்து அவர் வந்து பத்து நாளாகிறது. போகும்போது நெல் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்கிய மனுஷன். ஏழு வருஷம் கழித்து, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறினார். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. கேட்டால் கப்பல் அலுப்பாம். யாரிடம் கதை விடுகிறார்?

5 ஜூன்
அங்கே முதலாளியோடு கடையில் சாப்பிட்டுப் பழகியவர். நம் வீட்டுப் புழுங்கல் சோற்றுக்கு முகம் சுளித்துவிடுவாரோ என்று, வந்த நாளிலிருந்து மில்லில் தீட்டிய பச்சரிசிதான் வடிக்கிறேன். கறி, மீன் எதுவும் இறங்கவில்லை. ரசமும் சோறும் போதும் என்கிறார். அதையாவது சாப்பிடுகிறாரே.

11 ஜூன்
மூச்சு வாங்குகிறது. உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

12 ஜூன்
அவரோடு கப்பலேறிய பேச்சிமுத்து அண்ணன் உசிலம்பட்டியிலிருந்து பார்க்க வந்தார். அவருக்குப் பினாங்குப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. ஆள் கல்லுமாதிரி இருக்கிறார். நிழலில் உட்கார்ந்தவர் இப்படி, வெயிலில் நின்றவர் அப்படி. இது என்ன நியாயம்?

வாசலில் வைத்து, "கடைக்காரவுக மூணு பேரு இப்படிக் கால் வீங்கித்தான் போய்ச் சேந்தாக, தங்கச்சி" என்றார்.

யா அல்லா, இதுக்குத்தானா நான் காத்துக் கிடந்தேன்?

14 ஜூன்
டாக்டர் முதலில் கேட்டதே, என்ன அரிசி என்றுதான். தீட்டிய அரிசியில் சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடுமாம். தோட்டத்து ஆட்கள் ஊர்ப் பழக்கப்படி புழுங்கல் அரிசியே சாப்பிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். வசதி வந்து வெள்ளைச் சோற்றுக்கு மாறியவர்களுக்குத்தான் இந்தப் பெரிபெரி நோய். ஆசை ஆசையாய்ப் போட்டேனே, பாவி.

15 ஜூன்
கைக்குத்தல் புழுங்கல் அரிசி, பாசிப்பயறு, தவிட்டுக் கஞ்சி.

"மாட்டுக்கு வைக்கிறத எனக்கு வைக்கிறியா?" என்றார்.

"மாடு எம்புட்டு நல்லா நடக்குது, பாருங்க" என்றேன்.

சிரித்தார். சிரிப்பிலேயே மூச்சு முட்டியது. நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

22 ஜூன்
நேற்று படுத்துத் தூங்கினார்.

6 ஜூலை, வெள்ளி
ஜும்மாவுக்குத் தனியாக நடந்து போய் வந்தார்.

20 ஆகஸ்ட்
முதலாளி கூப்பிட்டிருக்கிறார். போகாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா? நானும் வாரேன் என்றேன். அங்கே வந்து என்ன செய்வாய் என்றார்.

"சோறாக்குவேன்."

2 செப்டம்பர்
பெட்டி கட்டியாயிற்று. நாலு சேலைக்குத்தான் இடம். மிச்சமெல்லாம் புழுங்கல் அரிசி. பினாங்கில் அரிசியே கிடைக்காதாக்கும் என்று கேலி செய்கிறார். செய்யட்டும்.

கட்டிலில் நீட்டியிருந்த காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழவில்லை. "அதான் சரியாயிருச்சே, இன்னும் என்னத்தப் பாக்குற?" என்றார்.

கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.