பதினேழாம் பேட்ச்

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. தன்லியின் ரூட் பஸ்ஸில் கடைசிவரை நின்றபடி. குடைக்கம்பி ஒன்று காலி.

கூட வேலை பார்த்த கோ மின் து பினாங்குக்குப் போய் இரண்டு மாதம். நம் துணி எண்ணும் பெட்டியை ஓட்டும் அடிப்படை சாஃப்ட்வேர், அவர் விட்டுப்போன அந்தக் கெர்னல் ஃபோல்டரை இன்றுதான் முழுசாகத் திறந்தேன். முப்பத்தொரு பேட்ச், கெர்னலில் ஒட்டும் சின்னச் சின்னத் திருத்தங்கள். பெயர்கள்: ஃபிக்ஸ், ஃபிக்ஸ்-2, கடைசி, நிஜமாகவே கடைசி. எது எதற்கு என்று ஒரு வரி கிடையாது. கெட்டிக்காரர்தான், எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். தலை இப்போது பினாங்கில்.

முதலாளி ஊ சோ: "வெள்ளிக்கிழமை ஷ்வேப்யிதா தையல் ஃபேக்டரில நம்ம பெட்டி புது கெர்னலோட ஓடணும், மா மாலா. இல்லேன்னா பாங்காக் ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன். கோச்சுக்காதே."
கோபம்தான். நான்கு வருஷமாக இந்தப் பெட்டியோடு இருக்கிறேன். கோ மின் துவிடம் கேட்கலாம். கேட்கமாட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
இன்று கரண்ட் இருக்கும் முறை 9 முதல் 1 வரை. எதெது வேண்டும் என்ற பழைய பட்டியலை, அந்தக் கான்ஃபிகை, வைத்து கெர்னலை பில்ட் செய்து முடிக்க ஐந்து மணி நேரம். பாதியில் கரண்ட் போனால் ஃபைல்கள் கெட்டு, மறுபடி முதலிலிருந்து. இன்வெர்ட்டர் பெட்டிகளுக்குத் தாங்கும், பில்ட் மெஷினுக்குத் தாங்காது.

எடுத்தெறிந்தவை: சவுண்ட், கேமரா, புளூடூத், ஜாய்ஸ்டிக். துணி எண்ணும் பெட்டிக்கு ஜாய்ஸ்டிக் எதற்கு?
கான்ஃபிக் இனி மூன்று சின்ன ஃபைல்: பொது, பெட்டி, ஃபேக்டரி. சேர்த்தால் முழுசு.
பில்ட்: ஒன்றே முக்கால் மணி. எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன். கீழே லபெயே கடையில் டீ இரண்டு.

ஜூன் 12, வியாழன்
பேட்ச் எல்லாவற்றுக்கும் வரிசை எண். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி, ஏன் என்று. அவற்றில் ஆறு திருத்தம் புது கெர்னலிலேயே இருக்கின்றன, அவை வெளியே.
எண் 17: மெமரி கார்டைத் தேடும் முன் இரண்டு விநாடி சும்மா இரு. அவ்வளவுதான். சோம்பேறி வேலை. எடுத்துவிட்டுப் பார்த்தேன், ஆபீஸில் பெட்டி ஜம்மென்று எழுந்தது. அழிக்க மனமில்லாமல் 'சந்தேகம்' ஃபோல்டரில்.

அம்மா: "என்னாடி, தனியா சிரிக்கிறே?"
"வீடு பெருக்கினேன்ம்மா, ஆபீஸ்ல."
"நம்ம வீடு கெடக்கிற கெடப்புக்கு!"

ஜூன் 13, வெள்ளி
ஷ்வேப்யிதா. ஐந்து பெட்டி மாட்டினேன். ஜெனரேட்டரில் ஒழுங்காக ஓடின. பதினோரு மணிக்கு எல்லாம் அணைந்து, பெண்கள் கூட்டமாக "மீ லாபி!" என்று கத்தினார்கள், கரண்ட் வந்தாச்சு என்று; ஜெனரேட்டர் நின்று லைன் கரண்ட் வந்திருந்தது. பெட்டிகளில் மூன்று எழவில்லை. திரையில்: கார்டு இல்லை.
ஊ சோ பாங்காக்கைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

அப்போதுதான், கரண்ட் வந்தபோது மேலே பார்த்த பல்பு நினைவுக்கு வந்தது. மங்கலாக எரிந்து, பிறகு மெதுவாக வெளிச்சம் கூடியது. எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இழுக்க, கரண்ட் முதலில் சோர்ந்து வருகிறது. இரண்டு விநாடி! ஆபீஸில் இன்வெர்ட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு சோம்பேறி வேலை என்றேனே, மடச்சி.

'சந்தேக'த்திலிருந்து 17 மறுபடி உள்ளே. லேப்டாப்பில் அந்தத் துண்டு மட்டும் பில்ட். ஐந்திலும் ஏற்றி முடிக்க அரை மணி. பழைய ஃபோல்டராக இருந்தால் ஒரு வாரம் தேடியிருப்பேன்.
லைன் லீடர் மா தின்னிடம் மெயினை அணைக்கச் சொன்னேன். "எங்க பொண்ணுங்க என்னைக் கொன்னுடுவாங்க." ஆனாலும் அணைத்தாள். மூன்று தடவை. மூன்று தடவையும் ஐந்துக்கு ஐந்து.

ஊ சோ போனைப் பைக்குள் வைத்தார். "பாங்காக்குக்கு வேணாம்னு சொல்லிடறேன்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. மழையில் குடையில்லாமல் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன்.

ஜூன் 14, சனி
வெயில். துணி துவைத்தாயிற்று.
17-இன் தலையில் எழுதியது: கரண்ட் திரும்பும்போது முதலில் பலவீனமாக வரும். கார்டு எழுந்திருக்க நேரம் கொடு. அழிக்காதே. பேட்ச்: கோ மின் து. காரணம்: மாலதி. 'மா மாலா' இல்லை, முழுப்பெயர்.

அதைப் படம் எடுத்து பினாங்குக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில்: "அந்த ரெண்டு விநாடிக்காக நாலு நாள் ஃபேக்டரில கெடந்தேன். மத்ததுக்கும் காரணம் எழுதிட்டியா? அனுப்பு, எனக்கே மறந்துபோச்சு."

இரண்டு விநாடி பொறுங்கள் என்று பதில் போட்டேன்.