ஹெட்லைட் கனெக்டர் பூட்டுத் தகட்டைச் செய்தவரின் பெயரைத் திருத்தக் கோருதல்

அனுப்புநர்:
திருமதி ப. மங்கையர்க்கரசி,
வாகன மின் திருத்துநர்,
இல. 14, பஸ் நிலைய வீதி,
தெரணியகலை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மாகாணப் புத்தாக்கப் போட்டிப் பிரிவு,
இரத்தினபுரி.

விடயம்: இரண்டாம் இடச் சான்றிதழில் என் கணவரின் பெயர் இடம்பெற்றமை தொடர்பான முறைப்பாடு

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தெரணியகலைக்கு மேலுள்ள தோட்டமொன்றில் பிறந்தவள். அவிசாவளைப் பக்கம் வாகன வயர் தொகுதிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடங்கள் வேலை செய்தேன். வயர் நுனியிலுள்ள உலோகப் பின்னைப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகுவது என் வேலை. பின் சரியாக உட்கார்ந்ததா என்பதை இன்றும் என் விரல் சொல்லிவிடும். திருமணத்துக்குப் பின் கணவர் நிரஞ்சனுடன் இங்கே கடை நடத்துகிறேன். டயர் வேலை அவருடையது, வயர் வேலை என்னுடையது.

2. சென்ற வருடம் ஜூலை மாதம் ஒரு காலைநேரம், நாங்கள் நானா (அண்ணன்) என்றழைக்கும் அப்துல் ரஸாக்கின் பாடசாலை வேன் பதினொரு பிள்ளைகளுடன் பனிமூட்டத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது இரண்டு ஹெட்லைட்டுகளும் ஒன்றாக அணைந்தன. மேலேறி வந்த தேயிலைக் கொழுந்து லொறி வேனை மிக அருகில் வந்த பிறகே கண்டது. ரஸாக் நானா வேனை வீதியோர வடிகாலான காணுக்குள் இறக்கிப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். சுஜீதா என்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது.

3. ஐயா, மறைக்க விரும்பவில்லை. விபத்துக்குப் பதினெட்டு நாட்களுக்கு முன் அந்த ஹெட்லைட்டுகளைச் சரிபார்த்து அனுப்பியவள் நான்தான். விபத்துக்குப் பிறகு வேன் மீண்டும் என் கடைக்கே வந்தது. பல்ப் நல்லது, பியூஸ் நல்லது. வயர்கள் செருகப்படும் பிளாஸ்டிக் கூடான கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது, இரண்டு விளக்குகளுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் ஒரே பின், கூட்டுக்குள்ளேயே பின்வாங்கியிருந்தது. பின்னைப் பிடித்துக்கொள்ளும் சிறிய நாக்கு, எங்கள் பாதைகளின் குலுக்கலில் தளர்ந்துபோயிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். நானும் வெளியிலிருந்துதான் பார்த்திருந்தேன்.

"தங்கச்சி, டேப்பைச் சுத்திக் குடுங்க, போதும்" என்றார் ரஸாக் நானா. எல்லாக் கடைகளிலும் செய்வது அதுதான். எனக்குக் கை வரவில்லை. "இல்ல நானா, வேன் ரெண்டு நாளைக்கு இங்கயே நிக்கட்டும்" என்றேன். இரண்டு நாள், ஐந்து வாரங்களாயிற்று. அதுவரை அவர் வேறு வேன் பிடித்துப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றார். ஒரு நாளும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை.

4. நான் செய்தது சீப்புப் போன்ற ஒரு தகடு. பின்கள் அனைத்தையும் செருகிய பிறகு, அது கூட்டின் பின்புறத்தால் நுழைந்து ஒவ்வொரு பின்னின் தோளுக்குப் பின்னாலும் ஒரு பல்லை நிறுத்துகிறது. நாக்கு தளர்ந்தாலும் பல் பின்னை விடாது. ஏதேனும் ஒரு பின் அரைகுறையாகச் செருகப்பட்டிருந்தால் தகடு உள்ளே போகவே போகாது. எனவே பிழை என் மேசையிலேயே தெரிந்துவிடும், பாதையில் அல்ல. முதல் தகடு உடைந்தது. வாளிப் பிளாஸ்டிக்கில் செய்தது விளக்கின் சூட்டில் வளைந்தது. ஏழாவது தகட்டை நைலோனில் அரம் போட்டு எடுத்தேன். அது நின்றது.

இப்படிப் பூட்டும் எண்ணம் உலகுக்கே புதிது என்று நான் உரிமை கோரவில்லை. புதிய வாகனங்கள் சிலவற்றின் கனெக்டர்களில் பூட்டு உண்டு. பழைய வாகனத்தின் கனெக்டரை மாற்றாமல், ஒரு வயரைக்கூட வெட்டாமல் பொருத்தக்கூடிய இந்த வடிவம் என்னுடையது. இதுவரை நாற்பத்து மூன்று வாகனங்களுக்குப் பொருத்தியிருக்கிறேன். அந்தக் கோளாறுடன் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இதை எழுதும்போது எனக்குள்ள பெருமையைத் தாங்கள் பிழையாகக் கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

5. கடந்த மார்ச் மாதம் இரத்தினபுரியில் நடந்த போட்டியில், தெரிவுக் குழு உறுப்பினர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்து வயரை இரு கைகளாலும் இழுத்தார். மேசை அசைந்தது, கூட்டுக்குள் இருந்த பின் அசையவில்லை. அவர் மனம் நிறைந்து பாராட்டினார். ஆனால் பாராட்டும் கேள்விகளும் பொருட்களைத் தூக்கி வந்திருந்த என் கணவருக்கே சென்றன. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "சார், நான் டயர் மாத்துறவன். இது அவங்க செஞ்சது. அவங்ககிட்டயே கேளுங்க" என்றார். உறுப்பினர் சிரித்துக்கொண்டே, சிங்களத்தில் சரி, சரி என்பதாக, "ஹரி, ஹரி" என்று அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார். நான் வரைபடக் கொப்பியைத் திறந்து பிடித்தபடி நின்றிருந்தேன்.

6. மே மாதம் வந்த சான்றிதழில், 'கண்டுபிடித்தவர்: திரு. நிரஞ்சன்' என்றிருந்தது. தங்கள் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். கடைப் பதிவு அவர் பெயரில் இருப்பதால் அப்படி எழுதியதாகக் கூறினார்கள். "யார் பேரா இருந்தா என்னம்மா, ஒரே வீடுதானே" என்றும் கூறினார்கள். கடை நிலம் மாமனார் வழியில் வந்தது, அதனால் பதிவு கணவர் பெயரில் உள்ளது. விண்ணப்பப் படிவத்தில் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை என் கையால் எழுதியிருந்தேன். அதன் பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன்.

7. எதிர்வரும் ஜூலை 12 ஆம் திகதி கொழும்பில் நடைபெறும் அடுத்த சுற்றில், சான்றிதழில் பெயருள்ளவர் மட்டுமே விளக்கமளிக்கலாம் என்று அறிவித்திருக்கிறீர்கள். என் கணவர் போக மறுத்துவிட்டார். "தெரியாத வேலைக்கு நான் போய்ப் பொய் சொல்லணுமா?" என்று கேட்டு, மறுநாளே சமாதான நீதவானிடம் சென்று, தகட்டைச் செய்தவள் நான்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வந்தார். அதுவும், திகதியிட்ட வரைபடங்களும், ரஸாக் நானாவின் கடிதமும் இத்துடன் உள்ளன.

8. ஆகவே ஐயா, இவற்றைப் பரிசீலித்து, ஜூலை 12 ஆம் திகதிக்கு முன்னர் சான்றிதழைத் திருத்தித் தருமாறும், கொழும்பில் விளக்கமளிக்க என்னை அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பின்மீது எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலிடம் பெற்ற இறப்பர் பால் வடிகட்டியை நானே அருகில் நின்று பார்த்தேன், அது என்னுடையதைவிடச் சிறந்த வேலை. இரண்டாம் இடம் எனக்குப் போதும். ஆனால் அது எனக்கு வர வேண்டும்.

தங்கள் நேர்மையான பதிலை எதிர்பார்க்கும்,

ப. மங்கையர்க்கரசி (ஒப்பம்)

இடம்: தெரணியகலை
திகதி: 2025.06.09