சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஹொலி

1985 ஒக்டோபர் 20, ஞாயிறு

பூசையால் வந்து சாமான் பிரித்தோம். பேர்ணடெற் அக்காவும் அத்தானும் பிக்கரிங்கில் வீடு வாங்கிவிட்டார்கள். சேர்ந்து வாங்கிய இந்த வோபர்ன் வீடு இனி எங்களுக்கு மட்டும்.

இவருடைய தம்பிமார் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து பேஸ்மென்றில் தங்கியது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. “இது வீடோ, அகதி முகாமோ?” என்று கேட்டார். அதுவும் கடைசித் தம்பி சீமோன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது! அவன் பாதியில் எழும்பிக் கையைக் கழுவிவிட்டுப் போனான். அதை எப்படி மறப்பது?

வாசலில் நின்ற முள் இலை ஹொலிச் செடிகள் இரண்டுக்கும் சீட்டுக் குலுக்கினோம். ஐயா எங்களுக்குக் காணி பிரித்ததும் இப்படித்தான். கொழுத்து வளர்ந்தது அக்காவுக்கு. சிவப்புப் பழம் குலுங்குவது எனக்கு. நத்தார்ப் பண்டிகையில் பாலன் குடிலுக்கு அதில்தான் கொப்பு வெட்டுவோம். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்.

1985 டிசம்பர் 24

குடிலுக்குக் கொப்பு வைத்தேன். அக்கா போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

1986 ஜூன் 15

நிறையப் பூத்தது. பூவுக்கு அடியில் பச்சைப் புள்ளி மாதிரிப் பிஞ்சு. இன்று பார்த்தால் எல்லாம் மண்ணில் கிடக்கிறது. தண்ணீர் காணாதோ? மீன் கழுவிய தண்ணீர்கூட ஊற்றினேனே.

1986 செப்டம்பர் 7

செடியில் இவருடைய பழைய செருப்பையும் விளக்குமாற்றையும் கட்டிவிட்டேன். ஊரில் காய்க்காத மாமரத்துக்குக் கட்டுவார்கள், வெட்கப்பட்டுக் காய்க்குமாம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினாள்.

“நான் தேடின செருப்பு உதிலையோ தொங்குது?” என்று இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

1986 டிசம்பர் 24

குடிலில் பிளாஸ்ரிக் பழம்.

1987 ஏப்ரல் 25

இவரோடு செடிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “மற்றச் செடி எங்கே?” என்றார். ஹொலியில் ஆண் வேறு, பெண் வேறாம். ஆண் ஒருநாளும் காய்க்காது. ஆனால் அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவராவிட்டால் பெண்ணில் பிஞ்சு நிற்காது. ஆண் பக்கத்தில் இல்லையென்றால், அதன் பூத்த கொப்புகளை வெட்டிவந்து வாளித் தண்ணீரில் பக்கத்தில் வைத்தாலும் போதுமாம்.

அக்கா கொண்டுபோனது ஆண்! சீட்டுக் குலுக்கி ஒரு குடும்பத்தையல்லவா பிரித்திருக்கிறோம்.

இவர் ஓர் ஆண் செடியைத் தூக்கினார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம்? வீட்டுக்கு வந்தும் யோசிக்கிறேன். அதை வாங்கிவிட்டால் அக்காவிடம் கேட்க எனக்கு ஒன்றுமே இல்லை.

1987 மே 17

அக்காவுக்குப் போன் எடுத்துவிட்டேன்.

“அக்கா, உங்கட ஹொலி பூத்திட்டுதோ?”

“பூக்குது. ஒரு பழம் இல்லை. நல்லதை நீயெல்லோ வச்சிருக்கிறாய்” என்றார். பழைய கோபம் அப்படியே இருந்தது. விசயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பா, அழுகையா தெரியவில்லை. எனக்கு அழுகைதான்.

1987 மே 23, சனி

அக்கா ரெயினில் தனியாக வந்தார். மடியில் வாளி, வாளி நிறையப் பூத்த கொப்பு. சனமெல்லாம் பார்த்ததாம். கில்ட்வுட் ஸ்ரேசனுக்குக் கூட்டிவரச் சீமோன்தான் போனான், இவருக்கு வேலை. அவனை அனுப்பிவிட்டு நான் ஜன்னலடியிலேயே நின்றேன்.

“தாங்கோ அக்கா, வாளியை நான் பிடிக்கிறன்” என்று அவன் சொல்வது வாசலில் கேட்டது.

வாளியைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அக்கா நேரே குசினிக்குள் போனார். யாரும் கேட்காமலே சோறு போட்டு முதல் கோப்பையைச் சீமோனிடம் நீட்டினார். “வடிவாச் சாப்பிடு, மோனை.” அவன் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்.

1987 ஓகஸ்ட் 9

பிஞ்சு நிற்கிறது! இந்த வெயிலுக்கு வேர் நனைய நனையத் தண்ணீர் விடுகிறேன். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன் என்று இவர் ஏசுகிறார்.

1987 நவம்பர் 15

பழம் சிவந்ததும் குருவிகள் வந்துவிட்டன. பழைய ஜன்னல் வலையால் செடியை மூடினேன். செருப்பை இவர் கழற்றிக்கொண்டார்.

1987 டிசம்பர் 24

எங்கள் குடிலுக்கும் அக்காவின் குடிலுக்கும் பழம் போதும். தன் பங்குக் கொப்புகளைக் கட்டிக்கொண்டே அக்கா, “வாற வருசம் அந்த ஆணைக் கிண்டிக் கொண்டந்து தாறன். ரெண்டும் இங்கையே நிக்கட்டும்” என்றார்.

“வேண்டாம் அக்கா. அது அங்கையே நிக்கட்டும்.”

“ஏனடி?”

நான் அவருடைய கட்டுக்கு இன்னொரு கொப்பை நீட்டினேன். செடி இங்கே வந்துவிட்டால், மே மாதத்தில் அக்கா வாளியோடு வரமாட்டார்.