மாலை உங்கள் கழுத்தில்

ஜெர்மனி,
செவ்வாய்க்கிழமை.

மாமாவுக்கு, உங்கள் மனைவி சுபலட்சுமி எழுதுவது. நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? போனில் இதைச் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

ஏர் பிஸ்டல் சுடும் போட்டியில் நான் வெள்ளி வாங்கியது தெரிந்திருக்கும். போட்டியன்று கொஞ்சம் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. மறுநாள் அறைத்தோழி ஒரு வீடியோ காட்டினாள். திருமங்கலத்தில் எனக்குப் பாராட்டு விழா. எனக்கு வந்த மாலை உங்கள் கழுத்தில். மைக்கைப் பிடித்து, "நாந்தேன் அவளச் சுட விட்டேன். நான் இல்லேன்னா இம்புட்டுத் தூரம் போயிருப்பாளா?" என்கிறீர்கள். கூட்டம் கைதட்டுகிறது.

தேர்வுப் போட்டிக்கு நான் கிளம்பிய காலையில் பிஸ்டலைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியோடு கடைக்குப் போனது யார்? "போனா அப்படியே போயிரு" என்றது யார்? உங்களைப் பெற்ற அத்தைதான் கடப்பாரையால் பீரோவை நெம்பித் திறந்தார். "நீ போ தாயி, அவன நான் பாத்துக்கிறேன்" என்று பஸ் ஏற்றிவிட்டார். அவர் பெயரை மேடையில் நீங்கள் சொல்லவே இல்லை.

இன்னும் ஒரு மாதம் பயிற்சி இங்கேதான், தமிழ் பேச ஆளில்லை. சோறும் இறங்கவில்லை. எங்கள் கோச் அடுத்த வாரம் மதுரையிலிருந்து வருகிறார், அவரிடம் பருப்புப் பொடி கொடுத்துவிடுங்கள். அத்தை இடித்ததாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இன்னொரு விழாவாம். எனக்குப் பதிலாக அத்தைதான் மேடை ஏறுவார் என்று நடத்துபவர்களிடம் சொல்லிவிட்டேன். சுடும் பயிற்சி ரேஞ்சுக்குப் போகும் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். நீங்கள் கீழே உட்கார்ந்து கைதட்டினால் போதும்.

சுபலட்சுமி