கை மேலே போகாத புதன்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் கோபம் மூக்குக்கு மேல் நிற்கிறது. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம், முழுதாகப் படி.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் எனக்குக் கரண்ட் வைக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதிர்வீச்சுக்குப் படுத்தால், ஆபரேஷன் செய்த மார்புப் பக்கத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி அங்கே இருக்கும் பிடியில் வைத்து அசையாமல் கிடக்க வேண்டும். எட்டு நாள் எப்படியோ ஒப்பேற்றினேன், ஒன்பதாம் நாள் கை காதைத் தாண்டவில்லை. மெஷின் பார்க்கிற பெண் "இன்னும் கொஞ்சம் தூக்குங்கம்மா, கொஞ்சூண்டு" என்று கெஞ்சுகிறாள், எனக்குக் கண்ணீர்தான் வருகிறது. இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக, ஓடுகிற பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கை இது. அவமானமாக இருந்தது.

எல்லாம் உன் பட்டியலால் வந்த வினை. கையை அசைக்கக் கூடாது, நடக்கக் கூடாது, பால் முட்டை மீன் எதையும் தொடக் கூடாது என்று யார் யாரோ அனுப்பியதையெல்லாம் சேர்த்து அப்பாவுக்கு அனுப்பினாயே, அதை அவர் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து வேதவாக்காக நடத்துகிறார். ஒரு ஞாயிறு முழுக்க ஸ்டூலில் ஏறி இறங்கி, சமையலறை மேல் தட்டில் இருந்த டப்பா, பாத்திரம் அத்தனையையும் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வைத்தார், நான் கை தூக்கிவிடக் கூடாதாம். வாசல் பக்கம் போனாலே "எங்க கிளம்பிட்ட, போய்ப் படு" என்று பின்னாலேயே வருகிறார். சாப்பாடு என்றால் காய் வேகவைத்த தண்ணீர், பழச்சாறு, அவ்வளவுதான். பாவம், மனுஷர் ஆசையாகச் செய்கிறார், அவரைத் திட்ட வாய் வரவில்லை, உன்னைத் திட்டுகிறேன்.

அந்தப் புதன்கிழமையே எடையும் பார்த்தார்கள், நான்கு கிலோ குறைந்திருக்கிறது. உணவு ஆலோசகர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இளைத்தால் கரண்ட் வைக்கிற இடத்தை மறுபடி முதலிலிருந்து அளவெடுக்க வேண்டிவரலாமாம். "முட்டை, பருப்பு, மீன் எல்லாம் குடுங்க சார், ஒடம்பு தாங்க வேணாமா" என்று ஒரு பிடி பிடித்தார், அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். பிசியோதெரபி செய்கிற பெண்ணோ "அசதியா இருக்குன்னு படுத்தே கெடந்தா அசதி கூடத்தான் செய்யும்" என்று சொல்லி, சுவரில் விரலை மேலே மேலே நகர்த்தக் கற்றுக்கொடுத்தாள். தினம் மூன்று தடவை செய்கிறேன், தெருமுனை வரை நடக்கிறேன், இரண்டு முட்டை சாப்பிடுகிறேன். திங்களன்று பல்லைக் கடித்துக்கொண்டு கையை வைத்துவிட்டேன், கரண்ட் வைத்தார்கள். நடுவில் மூன்று நாள் வீணாகப் போனது போனதுதான்.

நாற்பது வரி எழுதினாயே, என் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உனக்கு என்ன சாப்பிடத் தோன்றுகிறது அம்மா என்று என்னிடமாவது கேட்டாயா? உனக்குப் பயம், அது எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். பயமாக இருக்கிறது என்று அழு, சேர்ந்து அழலாம், உத்தரவு போடாதே.

நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தம். ஒன்றே ஒன்று. தாய்க்கு மார்பகப் புற்று வந்தால் மகள் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. கேட்கும்போதெல்லாம் உனக்கு லீவு இல்லை, பட்டியல் எழுத மட்டும் நேரம் இருக்கிறது. அந்த மெஷினுக்கு அடியில் இன்னும் எத்தனை நாள் வேண்டுமானாலும் நான் படுப்பேன், நீ ஒரு நாள் படுப்பதை என்னால் தாங்க முடியாது. என்றைக்குப் போகிறாய் என்று தேதியை எழுது. அதுவரை உன் போனை எடுக்க மாட்டேன்.

கோபம் தீராத,
உன் அம்மா