கஞ்சிவெள்ளத்தில் நாலு கால்

நீ செத்துப்போன சேதி வந்தபோது என் இரண்டு காலும் வாளிக்குள் இருந்தன. சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. உன் மகள் போனில் அழுதாள். நானும் "ஐயோ மக்கா" என்றேன். ஆனால் வாளியில் இருந்த சுடுவெள்ளம் ஆறும்வரை காலை வெளியே எடுக்கவில்லை. நல்ல சூடு, வீணாகிப் போகுமே என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் துடைத்து, ஒரு வெள்ளைச் சேலை தேடி உடுத்து, பஸ் பிடித்து வந்தேன். அதற்குள் உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டார்கள்.

இன்று காலை அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. பக்கத்தில் இஞ்சி தட்டி வைத்திருந்தேன். அந்த இரண்டு மணமும் கலந்து வந்ததும் உன் ஞாபகம் வந்தது. பிச்சிப்பூ மணத்தில் ஆட்களை நினைக்கிறவர்கள் உண்டு. உன்னை நினைக்க எனக்குக் கால் நனைக்கிற வெள்ளத்தின் மணம்தான் கிடைத்தது. உனக்கு இது போதும்.

நான் நாலாங்கிளாசோடு நிறுத்தியவள். இதில் எழுத்துத் தப்பு இருக்கும். நீ பத்தாங்கிளாஸ் வரை போய்த் தோற்றவள். அந்தத் தோல்வியை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டு என்னைத் திருத்திக்கொண்டே இருப்பாய். இப்போது திருத்து பார்ப்போம்.

பாறசாலை முக்கில் அந்தத் துணிக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். போன மாதம் உள்ளே எட்டிப் பார்த்தேன். வேலை பார்க்கிற பெண்கள் சுழலுகிற கசேரையில் உட்கார்ந்து இருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தொண்ணூறுகளில் நாம் ஆறு பெண்கள் அங்கே காலை ஒன்பது மணி முதல் விளக்கு வைக்கும்வரை நின்றோம். ஆள் வந்தாலும் நிற்க வேண்டும், வராவிட்டாலும் நிற்க வேண்டும். பெண்கள் உட்கார்ந்து இருந்தால் சரக்கு ஓடாத கடை என்று ஆட்கள் நினைத்துவிடுவார்களாம். அது முதலாளியின் கண்டுபிடிப்பு. அவர் அதையும் ஒரு கசேரையில் இருந்துகொண்டுதான் சொன்னார்.

மத்தியானம் அரை மணி நேரம் விடுவார்கள். கடைக்குப் பின்னால் முதலாளியின் வீடு. அதன் பின்கட்டில் நாம் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்போம். வடித்த கஞ்சிவெள்ளம் ஒரு அகலச் சருவம் நிறைய மிஞ்சும். ஒருநாள் கால்வலி தாங்காமல் நான் அதில் ஒரு கை கல்லுப்பு அள்ளிப் போட்டேன். இஞ்சியைத் தோலோடு நசுக்கிப் போட்டேன். மஞ்சள்பொடி ஒரு சிட்டிகை. முற்றத்துப் புளியமரத்தில் இரண்டு கை இலை உருவி, தனியாகக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரையும் ஊற்றினேன். முதலாளியம்மா பிழிந்து எறிந்த எலுமிச்சைத் தோலும் அதில் விழுந்தது. முழங்கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை பொறுத்தால் கால் பொறுக்கும். அவ்வளவுதான் மருந்து. கணுக்கால் முங்க வைத்து, பிறகு துடைத்து, குதிகாலில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். யாரும் சொல்லித் தந்ததில்லை. என் தலையில் உதித்தது. இதை நான் எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு, உனக்கே தெரியும்.

சருவம் ஒன்று, ஆள் இரண்டு. எதிரும் புதிருமாக இருந்து நாலு காலையும் அதற்குள் திணிப்போம்.

"எட்டி, இது காலா, ஆனைக்குட்டியா? எனக்கு எடம் இல்ல" என்பாய்.

"உன் பித்தவெடிப்புல நெல்லு விதைச்சா ரெண்டு போகம் எடுக்கலாம். நீ எடத்தப் பத்திப் பேசாத" என்பேன்.

அப்படி இருந்த ஒரு மத்தியானம்தான் நீ சத்தியம் செய்தாய். நம்மில் ஒருத்திக்கு எப்போதாவது உட்கார்ந்து இருக்க இடம் கிடைத்தால் மற்றவளுக்கும் பாதி நேரம் தர வேண்டும். வெள்ளத்துக்குள்ளேயே உன் பெருவிரலால் என் பெருவிரலை அமுக்கி, "சத்தியமாக்கும்" என்றாய். கையில் அடித்துச் செய்த சத்தியத்தை நம்பாத நான் காலில் செய்ததை நம்பினேன். முட்டாள்.

ஓணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது உனக்கு மேல்நோட்டம், மற்ற பெண்களைக் கவனிக்கிற வேலை, கிடைத்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் போட்டு உன்னை இருத்தினார்கள். எனக்குச் சந்தோஷம்தான். முதல்நாள் ஒரு மணி நேரம் பொறுத்தேன். பிறகு சும்மா வருவதுபோல் வந்து, "எந்திரி, என் முறை" என்றேன்.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. "போய் நில்லு. முதலாளி பாப்பாரு" என்றாய்.

"சத்தியம் செய்தல்லா?"

"அது வேற. இது சட்டமாக்கும். சட்டம் சட்டம்தான்."

அத்தோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். மறுநாள் மத்தியானம் நான் காலை வைத்திருந்த சருவத்தை நீ வந்து இழுத்தாய். "கடைக்குள்ள காலு நாத்தம் வருதுண்ணு பேச்சு. இனி இது நடக்காது" என்று சொல்லி, அவ்வளவு வெள்ளத்தையும் தென்னை மூட்டில் கொட்டினாய். நான் நனைந்த காலோடு நின்றேன். மற்ற நாலு பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் உடம்பில் வலிக்காத இடம் அந்த அரை மணி நேரம்தான். அதை நீ தென்னைக்கு ஊற்றினாய்.

ஒரு வாரம் கழித்து நான் பின்கட்டில் என்ன பார்த்தேன்? முதலாளியம்மா கசேரையில் சாய்ந்து இருக்கிறார். புதுப் பிளாஸ்டிக் பேசினில் என் கஞ்சிவெள்ளம். நீ கீழே இருந்து அந்த அம்மாவின் குதிகாலைத் தேய்க்கிறாய். "எங்க வீட்டு மருந்தாக்கும் அம்மா. எங்க அம்மைக்க அம்மை கண்டுபிடிச்சது" என்கிறாய். உன் அம்மைக்கு அம்மை வெற்றிலை இடிப்பதைத் தவிர வேறு எதையும் செய்ததாக எனக்குத் தெரியாது.

அன்றைக்கே உன்னை என்ன செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க நேரத்துக்குக் குறைவில்லை. நின்றுகொண்டே யோசிக்கலாம், அதற்குச் சட்டம் தடை இல்லை.

வாய்ப்பை நீயே கொண்டுவந்து தந்தாய். முதலாளியம்மாவின் வெடிப்பு மூடவில்லை. ஓணத்துக்குக் கசவுச்சேலை கட்டி, கடையில் வந்திருந்து ஆட்களை வரவேற்கிற அம்மா அவர். அதற்குள் கால் மினுங்க வேண்டுமாம். நீ துணி மடிக்கிற சாக்கில் என் பக்கத்தில் வந்து, "எட்டி, அதுல வேற எதாவது போடுவியா?" என்று கேட்டாய்.

நான் கொஞ்ச நேரம் நெற்றியைச் சுளித்தேன். ரகசியம் சொல்லத் தயங்குகிறவள் மாதிரி.

"கருப்பட்டி" என்றேன்.

"கருப்பட்டியா?"

"ஒரு முழு வட்டு இடிச்சுப் போடணும். பெறவு காலக் கழுவப் பிடாது. துணியால ஒத்தி விட்டா போரும். அது ஊறி உள்ள இறங்கணும்லா."

வேறு ஊர்க்காரியாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். நமக்குச் சளி பிடித்தாலும் கருப்பட்டி, பேறு கழிந்தாலும் கருப்பட்டி, குழந்தை ஏங்கி அழுதாலும் கருப்பட்டி. வாய்க்குள் போகிறது குதிகாலுக்கு ஆகாதா என்று உன் பத்தாங்கிளாஸ் அறிவு சொல்லியிருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் போனாய்.

ஓணத்துக்கு மூன்று நாள் முன்னால், கடை நிறைய ஆள். முதலாளியம்மா நடுவில் கசேரையில் இருந்து எல்லோரிடமும் சிரிக்கிறார். கருப்பட்டி வெள்ளத்தில் ஊறின கால் நிஜமாகவே மினுங்கியது. பத்து மணிக்கு முதல் உறும்பு வந்தது. அலமாரிக்கு அடியிலிருந்து எறும்புகள் வரிசையாக, அவசரப்படாமல், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வந்தன. நான் பார்த்தேன். ஒரு வேட்டியை நாலு தடவை விரித்து நாலு தடவை மடித்தேன்.

பிறகு ஒரு பெகளம்! முதலாளியம்மா அலறிக்கொண்டு கசேரைமேல் ஏறினார். ஒரு காலைத் தூக்குகிறார், மறு காலைத் தூக்குகிறார். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் குழந்தையைத் தூக்கிக் காட்டியது. அந்தக் கடையில் முதலாளி வீட்டு ஆள் ஒருத்தர் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாலையில் முதலாளி எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "ஆரு சொல்லித் தந்தது இந்தக் கருப்பட்டி வைத்தியம்?"

நீ என் பெயரைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பயப்படவில்லை. என் பெயரைச் சொல்லட்டும், எல்லோருக்கும் தெரியட்டும், சருவத்தைக் கொட்டினவளுக்கு நான் கொடுத்த பதில் இது என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

நீ தலைகுனிந்து சொன்னாய்: "எங்க வீட்டு மருந்தாக்கும் முதலாளி."

ஸ்டூல் போயிற்று. மறுநாள் காலை நீ என் பக்கத்தில் வந்து நின்றாய். ஒரு வார்த்தை இல்லை, ஒரு முறைப்பு இல்லை. மருந்தைத் திருடினாய், சரி. நான் வாங்கின பழியையும் உன் பெயரில் எழுதிக்கொண்டாயே, அதை எப்படிப் பொறுப்பது? நீ ஏமாந்தாயா, தெரிந்தே மூடி மறைத்தாயா? இருபத்தைந்து வருஷம் எனக்கு அது புரியவில்லை. அதனால் கோபம் ஆறவுமில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஒரே சருவத்தில் நாலு கால் வைத்தோம். அப்போதும் கோபத்தோடுதான் வைத்தேன்.

பிறகு எனக்குக் கல்யாணம், உனக்குக் கல்யாணம். நீ காரக்கோணத்துக்குப் போனாய், நான் நெய்யாற்றின்கரைப் பக்கம் வந்தேன். கல்யாண வீடுகளில் பார்த்தால் நீ, "எட்டி, இன்னும் நிக்கியா?" என்பாய். நான், "நீ இரி மக்கா, உனக்குப் பழக்கம்" என்பேன். சுற்றி நிற்கிறவர்கள் நம்மை உயிர்த்தோழிகள் என்று நினைப்பார்கள்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது போன மழைக்காலத்தில். சர்க்கரை ஏறி இடது காலில் ஒரு விரலை எடுத்திருந்தார்கள். கட்டிலில் கிடந்தாய். உன் மகள் சாயா போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்தாய்.

"எட்டி, காலு ரெண்டும் கடுக்குது. கொஞ்சம் கஞ்சிவெள்ளம் வச்சுத் தாறியா?" என்றாய். பிறகு ஒரு கண்ணைச் சுருக்கி, "கருப்பட்டி போடண்டாம், கேட்டியா" என்றாய்.

அப்போ தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆரம்பம் முதலே.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்திருக்க வேண்டும். அழுதிருந்தாலும் சரிதான். நான் சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு சொன்னேன்: "டாக்டர் காலை வெள்ளத்துல வைக்கப் பிடாதுண்ணு சொல்லியாச்சுல்லா. சட்டம் சட்டம்தான்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். "சரியாக்கும். நல்லாத் திருப்பித் தந்த" என்று சொல்லி, கையை விட்டுவிட்டாய்.

டாக்டர் சொன்னது உண்மை. புண்ணுள்ள காலை யாரும் வெள்ளத்தில் வைக்கச் சொல்ல மாட்டார்கள். ஆனால் உன் வலது காலில் ஒன்றுமில்லை. இளஞ்சூட்டில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, அந்த உள்ளங்காலை மட்டும் துடைத்து விட்டிருக்கலாம். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்யவில்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். குன்னத்துகால் தாண்டும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

இனி முறை உன்னுடையது. நீ திருப்பித் தருவாய், நான் அதற்கொன்று தருவேன் என்று இருந்தேன். நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இது நியாயமில்லை. உன்மேல் இருந்த கோபம் அப்படியே இருக்கிறது. அதோடு உன் வலது உள்ளங்காலும் சேர்ந்துகொண்டது. முழங்கையை வெள்ளத்தில் விட்டுச் சூடு பார்க்கும்போதெல்லாம், இது அவளுக்குப் பொறுக்குமா என்றுதான் முதலில் தோன்றுகிறது. சவம், இந்த நினைப்பு போகமாட்டேன் என்கிறது.

அதனால் நீ போனதிலிருந்து இரண்டு பங்கு காய்ச்சுகிறேன். என் பங்கு வாளியில். உன் பங்கைக் கையளவு உப்பும் இஞ்சியும் புளியிலையும் போட்டு எதிரே ஒரு சருவத்தில் ஊற்றி வைப்பேன். நீ பார்த்துக்கொண்டிரு, நான் காலை நனைக்கிறேன் என்பதற்காக. ஆறினதும் தென்னை மூட்டில் கொட்டுவேன். இன்றும் வைத்தேன். காலை வாளியில் விட்டு இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, ரப்பர் பால் வெட்டப் போயிருந்த என் வீட்டுக்காரர் பசியோடு வந்தார். உன் சருவத்தை எடுத்துக்கொண்டு போய், பழஞ்சோற்றைப் பிழிந்து போட்டு, அவ்வளவையும் குடித்தார். புளியிலை எதற்கு என்று கேட்டார். வயிற்றுக்கு நல்லது என்றேன். உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று, நாளைக்குக் குறைத்துப் போடு என்றார். சரி என்றேன்.