கீழ் லேயரில் இருக்கும் முகம்

என் பாசத்துக்குரிய மச்சான் தேவா,

வருகிற வாரத்தோடு நீ போய் ஒரு வருடம். அச்சகத்தில் உன் நாற்காலியில் இப்போது நான்தான் இருக்கிறேன். மெஷினில் கடதாசி அடுக்கிக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார் முதலாளி. அச்சுக்குப் போகும் முன் படத்தை நாலு நிறமாகப் பிரிக்கவும், ஓரத்து எழுத்து வெட்டுப்படாமல் பார்க்கவும் ஒருவழியாகப் படித்துவிட்டேன். சிரிக்காதே.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. இறந்தவர்களுக்கு நினைவு அட்டை அடிக்க வருகிறவர்கள் போனில் இருக்கும் படத்தைக் காட்டி, கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொல்வார்கள். நீயும் மறுபேச்சுப் பேசாமல் முகத்தில் கறுப்பைக் குறைத்துக் கொடுப்பாய். ஆனால் உன் பழைய ஃபைல்களைத் திறந்தால், வெளுத்த முகத்துக்குக் கீழே லேயர் என்கிற இன்னொரு அடுக்கில் அசல் முகத்தை அப்படியே மறைத்து வைத்திருக்கிறாய். எல்லா ஃபைலிலும் இதே கதைதான். அச்சில் வராத படத்தை எதற்காக வைத்திருந்தாய்? கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று முதலாளி கத்தியபோதும் நீ ஒன்றையும் அழிக்கவில்லையே.

போன மாதம் யட்டவத்தப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய அப்பாவின் அட்டையை நீதான் செய்திருந்தாய். படம் இருந்த போன் தொலைந்துவிட்டதாம், வீட்டில் மிச்சம் அந்த அட்டை மட்டும்தானாம். அப்பாவின் உண்மையான முகம் எங்கேயாவது இருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மேல் லேயரை அணைத்தேன். மிளகுத் தோட்டத்து வெயிலில் கறுத்த மனிதர் திரையில் வந்தார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் வருவார் என்று உனக்குத் தெரியுமா? இல்லை, அழிக்கத்தான் மனசு வரவில்லையா?

இப்போது உன் அட்டை. முந்தாநாள் உன் அம்மா வந்தார். உன் படத்தைத் தொடாமல் உள்ளது உள்ளபடியே பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். உன் மனசைக் கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு. அம்மா வெள்ளையாக்கச் சொன்னார். தேவா இப்படித்தானே இருந்தான் என்றேன்.

“உசுரோட இருந்த வரைக்கும் கருவாயன் கருவாயன்னுதான் எல்லாரும் கூப்பிட்டாங்க. இதுலயாவது எம்புள்ள வெள்ளையா இருக்கட்டும்ப்பா.”

பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை வைத்தவன் நான்தான் என்று அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லை போல. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் பார்ப்பாய். உனக்கு வலித்ததா, மச்சான்? ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அம்மா கேட்டபடியே செய்தேன். உன் கன்னத்தில் கறுப்பைக் குறைக்கக் குறைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. இன்று காலை உன் அட்டையின் அச்சுப் பிளேட் மெஷினுக்குப் போய்விட்டது. உன் அசல் முகம் கீழ் லேயரில் பத்திரமாக இருக்கிறது. உன் மகளுக்கு இப்போது மூன்று வயது. வளர்ந்து என்றைக்காவது அவள் கேட்டு வந்தால், திறந்து காட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அட்டைகளை நானே கொண்டுபோய் அம்மா கையில் கொடுப்பேன். அந்தப் பெயரை வைத்தவன் யார் என்று அப்போதே சொல்லிவிடுவேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

என்றும் உன் மச்சான்,
சேகர்